‘டிரைவ்ல இருக்கு’ன்னா போதுமா? கம்ப்யூட்டர் திடீர்னு படுத்தால் டேட்டாவை மீட்பது எப்படி? முழு விளக்கம்

திருவண்ணாமலை மாவட்ட கலெக்டர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்னாலே சுற்றிலும் என்னென்ன கடைகள் இருக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடை, மனு டைப் பண்ணித் தர்ற இடம், ஆன்லைன் விண்ணப்பம் போடுற சென்டர், ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிற ஆபீஸ், போட்டோ ஸ்டூடியோ. இப்படிப்பட்ட சின்னக் கடைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். மொத்தப் பிழைப்பும் அதுக்குள்ளதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். உயிர் போன இடத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. ஆனால், கடற்கரையே இல்லாத ஒரு மாவட்டத்தையும் புயல் மழை புரட்டிப் போடும் என்பதை அந்த இரண்டு நாள் எல்லாருக்கும் காட்டியது. ஊர் மெல்ல மெல்ல எழுந்து கடையைத் திறக்கிற நாளில், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் நனைந்துபோய்க் கிடந்தால் என்ன ஆகும்?

வெள்ளம் வரை போகவே வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வந்தாலே ஹார்ட் டிஸ்க் போகலாம். மெயிலில் வந்த ஒரு ஃபைலைத் திறந்ததும் மொத்தமும் லாக் ஆகலாம். லேப்டாப் திருடு போகலாம்.

“பேக்கப் இருக்கா?” என்று கேட்டால் இப்போது பலரும் சொல்கிற பதில்: “கூகுள் டிரைவ்ல இருக்கு.”

அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி என்ன? வாங்க, ஒன்றொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, பேக்கப் என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் மூன்று விதமான சரக்கு இருக்கு.

முதலாவது, உங்கள் ஃபைல்கள். நீங்களே உருவாக்கியவை அல்லது வாடிக்கையாளர் உங்களிடம் கொடுத்தவை. கல்யாண போட்டோ, கணக்கு, மனு, கேள்வித்தாள் எல்லாம் இதில் வரும்.

இரண்டாவது, செட்டிங்ஸ். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, பிரிண்டர் அமைப்பு, தமிழ் கீபோர்டு, ஃபான்ட் போன்றவை.

மூன்றாவது, சிஸ்டம். அதாவது விண்டோஸும், அதன் மேல் போட்டிருக்கிற டேலி, போட்டோஷாப் மாதிரியான சாஃப்ட்வேர்களும்.

இந்த மூன்றையும் திரும்பக் கொண்டுவர வழி இருந்தால்தான் அது முழு பேக்கப். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை பார்த்துக்கொள்வது முதல் வகையை மட்டும்தான். விண்டோஸில் ‘விண்டோஸ் பேக்கப்’ என்று ஒரு வசதி இருக்கு. அது முக்கிய ஃபோல்டர்களையும், சில செட்டிங்ஸையும், என்னென்ன ஆப் வைத்திருந்தீர்கள் என்கிற பட்டியலையும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கும். நீங்கள் தனியாக வாங்கிப் போட்ட சாஃப்ட்வேரை அப்படியே தூக்கி வைக்காது. அதைத் திரும்ப நீங்களேதான் இன்ஸ்டால் செய்யணும்.

மொத்த கம்ப்யூட்டரையும் இருந்தது இருந்தபடி ஒரே ஃபைலாக நகல் எடுப்பதற்கு ‘சிஸ்டம் இமேஜ்’ என்று பெயர். இதற்குப் பெரும்பாலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் தேவை. ஏன் இதை மட்டும் கிளவுடில் வைக்காமல் வீட்டு டிஸ்க்கில் வைக்கச் சொல்கிறோம் என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு. அதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

கிளவுட் என்பது எங்கே இருக்கு?

பெயர்தான் மேகம். உண்மையில் அது ஏதோ ஒரு ஊரில், ஒரு கட்டடத்தில், வரிசையாக அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள். அதற்கும் கரண்ட் வேணும், ஏசி வேணும். அங்கேயும் தீப்பிடிக்கும், அங்கேயும் ஆட்கள் தப்பு செய்வார்கள்.

நம்ம தமிழ்நாடு அரசே இதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கு. மாநிலத் தரவு மையம் சென்னையில் இருக்கு. அதற்கான பேரிடர் மீட்பு மையம் திருச்சியில் இருக்கு. ஏன் இரண்டையும் ஒரே ஊரில் வைக்கவில்லை? சென்னையை ஒரு புயலோ வெள்ளமோ தாக்கினால், அதே நேரத்தில் திருச்சியும் அடிபட வாய்ப்பு குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

வேங்கிக்காலில் இருக்கிற ஒரு ஸ்டூடியோவுக்கும் இதே நியாயம் பொருந்தும். கடை கம்ப்யூட்டரில் ஒரு நகல், கடை மேசை டிராயரில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல் என்றால், கடைக்குள் தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்த இடத்தில்தான் கிளவுட் கைகொடுக்கும். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு நகல் அது.

அப்போ டிரைவில் போட்டால் போதாதா? சிங்க் வேற, பேக்கப் வேற

பெரும்பாலானவர்கள் குழம்புகிற இடம் இதுதான்.

கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் ஆப் போட்டு, ஒரு ஃபோல்டரை இணைத்து வைத்திருப்பீர்கள். இங்கே ஒரு ஃபைலை மாற்றினால் அங்கேயும் மாறும். இதன் பெயர் சிங்க். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. நீங்கள் பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் பொட்டு இருக்காது.

அதாவது, கடையில் வேலை பார்க்கிற பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால், கிளவுடிலும் அது டெலீட் ஆகும். வைரஸ் உங்கள் ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டால், பூட்டிய ஃபைல்தான் மேலே போகும். நல்லது கெட்டது பார்க்காமல் மாற்றத்தை அப்படியே நகலெடுப்பதுதான் சிங்கின் வேலை.

நல்லவேளை, கொஞ்சம் அவகாசம் உண்டு. கூகுள் டிரைவில் அழித்த ஃபைல் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். வேர்டு, பிடிஎஃப், போட்டோ போன்ற ஃபைல்களின் பழைய பதிப்புகளையும் அது 30 நாள் வரை வைத்திருக்கும். தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் குப்பைத்தொட்டிக்கு 30 நாள்தான். அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம். மார்ச்சில் அழிந்த ஃபைலை ஜூன் மாதம் தேடினால் கிடைக்காது.

பேக்கப் என்பது வேறு. அது தேதி போட்ட நகல். திங்கட்கிழமை இருந்த நிலை தனி, செவ்வாய் இருந்த நிலை தனி. செவ்வாய்க்கிழமை எல்லாம் கெட்டுப் போனாலும் திங்கட்கிழமை நகல் மாறாமல் இருக்கணும்.

இது ஏதோ சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டும் வருகிற குழப்பம் இல்லை. அரசாங்கங்களே இதில் மாட்டியிருக்கின்றன. சமீப வருடங்களில் நடந்த நான்கு சம்பவங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பாடம் சொல்லுது.

இலங்கை 2023: பேக்கப் இருந்தது, ஆனால் அதுவும் மாட்டியது

இலங்கை அரசு அலுவலகங்கள் பயன்படுத்திய அரசு மின்னஞ்சல் சேவை, அந்நாட்டு அரசின் கிளவுடில் ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி அதன் மேல் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. ரான்சம்வேர் என்றால், ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கிற வைரஸ்.

சர்வரைச் சீக்கிரமே திரும்ப ஓட்டிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலத்துக்கான பேக்கப்பும் ஆன்லைனிலேயே இணைந்திருந்தது. வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டியது. தனியாகக் கழற்றி வைத்த நகல் அந்த மாதங்களுக்கு இல்லை. அமைச்சரவை அலுவலகம் உள்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மூன்று மாதத்துக்கும் மேலான அரசுக் கடிதப் போக்குவரத்து போனது போனதுதான்.

பாடம் 1: ஒரு நகலாவது கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாமல் தனியாக இருக்கணும்.

டெல்லி எய்ம்ஸ் 2022: டேட்டா கிடைத்தது, நாட்கள் போயின

2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் கையால் எழுத வேண்டியதாயிற்று. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெரா பைட் டேட்டா பூட்டப்பட்டதாக மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் தனியாக இருந்ததால், இ-ஹாஸ்பிட்டல் டேட்டா முழுவதும் அதிலிருந்து மீட்கப்பட்டது. ஆனால் புது சர்வர் போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சுத்தம் செய்து, ஆன்லைன் சேவைகள் பெரும்பாலும் திரும்ப வர சுமார் இரண்டு வாரம் ஆனது.

பாடம் 2: டேட்டா இருப்பது ஒரு கேள்வி. எத்தனை நாளில் எழுந்து நிற்க முடியும் என்பது இன்னொரு கேள்வி.

தென் கொரியா 2025: கிளவுடே எரிந்தது

2025 செப்டம்பர் 26-ம் தேதி தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. 709 அரசு ஆன்லைன் சேவைகள் நின்றன. அந்தக் கட்டடத்தில்தான் ‘ஜி-டிரைவ்’ என்கிற அரசு ஊழியர்களுக்கான கிளவுட் இருந்தது. ஊழியர் ஒருவருக்கு 30 ஜிபி இடம். வேலை சம்பந்தப்பட்ட ஃபைல்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காமல் இதில் வையுங்கள் என்று வழிகாட்டப்பட்டிருந்தது.

தீயில் 858 டெரா பைட் டேட்டா அழிந்தது. அளவு ரொம்பப் பெரியது என்பதால் வெளியே எங்கும் அதற்குப் பேக்கப் எடுக்கப்படவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். சொன்னபடி கேட்டு கிளவுடில் மட்டுமே வைத்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

பாடம் 3: கிளவுட் என்பது ஒரு நகல். அது மட்டுமே இருந்தால், உங்களிடம் இருப்பது ஒரே நகல்.

ஆஸ்திரேலியா 2024: கணக்கே காணாமல் போனது

யூனிசூப்பர் என்பது ஆஸ்திரேலியாவின் பெரிய ஓய்வூதிய நிதிகளில் ஒன்று. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அதன் சேவைகள் கூகுள் கிளவுடில் ஓடின. 2024 மே மாதம், கூகுள் தரப்பில் முன்பு நடந்த ஒரு அமைப்புத் தவறால், யூனிசூப்பரின் பிரைவேட் கிளவுட் அழிந்துபோனது. ஒரு வாரத்துக்கும் மேல் உறுப்பினர்களால் கணக்கைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அது மீண்டது. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்கு உதவியது என்று இரண்டு நிறுவனங்களும் சேர்ந்தே அறிவித்தன.

பாடம் 4: எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் ஒருவரை மட்டும் நம்பாதீங்க.

அப்போ சரியான முறை என்ன? 3-2-1 விதி

இந்த நான்கு பாடத்தையும் சேர்த்தால் வருவதுதான் உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றுகிற 3-2-1 விதி. இதைப் பிரபலப்படுத்தியவர் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் இல்லை. பீட்டர் குரோக் என்கிற அமெரிக்க போட்டோகிராபர். திரும்ப எடுக்க முடியாத படங்களைக் காப்பாற்ற அவர் சொன்ன வழி இது.

3 - ஒவ்வொரு முக்கிய ஃபைலுக்கும் மூன்று நகல்.

2 - அவை இரண்டு வகையான சாதனங்களில். உதாரணமாக, கம்ப்யூட்டர் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று.

1 - ஒரு நகல் கண்டிப்பாக வேறு இடத்தில். இதுதான் கிளவுட்.

சின்னக் கடைக்கு இதன் அர்த்தம் ரொம்ப சிம்பிள்: கம்ப்யூட்டரில் ஒன்று, கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. அந்த ஹார்ட் டிஸ்க்கை கடையில் வைக்காமல் வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

எல்லாத்தையும் பேக்கப் எடுக்கணுமா?

வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்க: “இது போனால் எங்கிருந்தாவது திரும்பக் கிடைக்குமா?”

பட்டா, சிட்டா தமிழக அரசின் இணையதளத்தில் திரும்ப எடுக்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் கிடைக்கும். விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்யலாம். டவுன்லோடு செய்த சினிமா, சொல்லவே வேண்டாம்.

ஆனால் நீங்கள் எடுத்த கல்யாண போட்டோ? ஐந்து வருடக் கணக்கு? டைப் செய்து வைத்த பத்திர வரைவு? இவை உங்களிடம் மட்டும்தான் இருக்கு. பேக்கப்பில் முதல் இடம் இவற்றுக்குத்தான்.

ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வாடிக்கையாளரின் ஆதார், வங்கிப் பாஸ்புக் ஸ்கேன்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்க. அதைச் சேர்த்து வைத்து, உங்கள் சொந்த டிரைவிலும் ஏற்றி வைத்தால், நாளைக்கு உங்கள் கணக்கு யாரிடமாவது சிக்கினால் ஊரில் பாதிப் பேரின் விவரம் வெளியே போகும். பேக்கப் எடுக்காமல் இருப்பதே நல்லது என்று சொல்லக்கூடிய ஃபைல்கள் இவைதான்.

எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் ஆகும்?

இலவசமாக கூகுள் கணக்கில் 15 ஜிபி கிடைக்கும். இதில் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாம் சேர்ந்துதான். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இந்தக் கணக்கில்தான் வருது. ஒன்டிரைவில் 5 ஜிபி. மனு, கணக்கு, வேர்டு ஃபைல்களுக்கு இது தாராளம். ஸ்டூடியோவுக்குக் கட்டண பிளான் இல்லாமல் முடியாது.

இப்போது மேலே சொன்ன அந்தக் கணக்கு. ஒரு கல்யாணத்தின் வீடியோ, போட்டோ எல்லாம் சேர்த்து 200 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிராட்பேண்டின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ். அப்லோடு ஆக சுமார் 22 மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். தினம் 1.5 ஜிபி மொபைல் டேட்டாவில் ஏற்றலாம் என்று நினைத்தால் 133 நாள். அடுத்த கல்யாண சீசனே வந்துவிடும்.

திரும்ப எடுக்கும்போதும் இதே கதைதான். 500 ஜிபி சிஸ்டம் இமேஜை கிளவுடிலிருந்து 40 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்கினால் கிட்டத்தட்ட 28 மணி நேரம். அதே இமேஜ் கையில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் சில மணி நேரத்தில் வேலை முடியும். அதனால்தான் மொத்த சிஸ்டத்தின் நகலை டிஸ்க்கிலும், முக்கியமான ஃபைல்களின் நகலை கிளவுடிலும் வைக்கச் சொல்றாங்க.

எப்படித் தொடங்குவது? ஸ்டெப் பை ஸ்டெப்

1. ஒரே ஃபோல்டரில் சேருங்க. டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோடில் பாதி, டி டிரைவில் பாதி என்று சிதறிக் கிடந்தால் பேக்கப்பில் ஏதாவது விட்டுப்போகும். வேலை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரு தாய் ஃபோல்டருக்குள் கொண்டு வாங்க.

2. அந்த ஃபோல்டரை கிளவுடோடு இணையுங்க. கூகுள் டிரைவ் டெஸ்க்டாப் ஆப்பிலோ ஒன்டிரைவிலோ செட் செய்தால் தானாக அப்லோடு ஆகும். தானாக நடக்கணும் என்பது முக்கியம். ‘நேரம் கிடைக்கும்போது எடுக்கலாம்’ என்கிற பேக்கப் ஒருநாளும் எடுக்கப்படாது.

3. வாரம் ஒருமுறை தேதி போட்ட நகல். அந்தத் தாய் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில், அன்றைய தேதியைப் பெயராக வைத்து நகலெடுங்க. பழையதன் மேல் எழுதாதீங்க. கடைசி நான்கு வார நகலாவது இருக்கட்டும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்க. எப்போதும் சொருகியே இருந்தால், இலங்கையில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டம் இமேஜ். இதோடு ஒரு பென் டிரைவில் விண்டோஸ் ரெகவரி டிரைவும் தயார் செய்து வைங்க. கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபோது உள்ளே நுழைய அதுதான் வழி.

5. சாவிகளைத் தாளில் எழுதி வைங்க. சாஃப்ட்வேர் லைசென்ஸ் விவரம், கிளவுட் கணக்கின் மெயில் ஐடி, டூ-ஸ்டெப் சரிபார்ப்புக்கான பேக்கப் கோடுகள். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க ரெகவரி கீ வேணும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதி, வீட்டு பீரோவில் பத்திரத்தோடு சேர்த்து வைங்க.

ஐந்தாவதை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். போனும் லேப்டாப்பும் ஒன்றாகத் திருடு போனால், கிளவுடில் நுழைய ஓடிபி எந்த போனுக்கு வரும்? அதனால்தான் தாள்.

டேலி பயன்படுத்துகிறீர்களா? கவனிங்க

டேலியின் டேட்டா ஃபோல்டரை நேரடியாக சிங்க் செய்ய வைப்பது ஆபத்து. டேலி ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைல்கள் திறந்தே இருக்கும். பாதி எழுதிய நிலையில் நகலானால் டேட்டா கெட்டுப்போகலாம். டேலி பிரைமில் ‘டேட்டா’ மெனுவுக்குள் பேக்கப், ரீஸ்டோர் என்று தனி வசதியே இருக்கு. அதில் பேக்கப் எடுத்து, அப்படி வந்த ஃபைலை கிளவுட் ஃபோல்டருக்குள் போடுங்க.

இது வசதிக்கான விஷயம் மட்டும் இல்லை, சட்ட விஷயமும்கூட. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம், அதாவது 6 வருடம் வைத்திருக்கணும். கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு 2022 ஆகஸ்ட்டில் விதி இன்னும் இறுகியது. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்கணும். ‘சிஸ்டம் போயிடுச்சு சார்’ என்கிற பதில் இனி அங்கே எடுபடாது.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இப்போ என்ன செய்யணும்?

பதறாதீங்க. வரிசை முக்கியம்.

முதலில், என்ன ஆனது என்று பாருங்க. நனைந்திருந்தால் ஆன் செய்யவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுங்க. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீங்க. ஒவ்வொரு முறையும் பாதிப்பு கூடும்.

ஃபைல்களின் பெயர் மாறி, பணம் கேட்டு மெசேஜ் வந்திருந்தால் அது ரான்சம்வேர். உடனே இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை அணையுங்க. பேக்கப் டிஸ்க்கை அவசரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் சொருகிவிடாதீங்க. இருக்கிற ஒரே நல்ல நகலும் போய்விடும். வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ கிளவுட் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்க. பூட்டிய ஃபைல்கள் மேலே போயிருந்தால், 30 நாள் அவகாசத்துக்குள் பழைய பதிப்பை மீட்கலாம்.

பணம் கட்டினால் சாவி கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவசச் சாவி தருகிற ‘நோ மோர் ரான்சம்’ என்கிற தளத்தை 2016 முதல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்தது, சிஸ்டத்தை எழுப்புங்க. சிஸ்டம் இமேஜ் இருந்தால் ரெகவரி பென் டிரைவ் மூலம் அதை இறக்கலாம். இல்லாவிட்டால் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்யணும்.

கடைசியாகத்தான் ஃபைல்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் இறக்காதீங்க. நாளைக்கு டெலிவரி கொடுக்க வேண்டிய ஆல்பம், இந்த மாத ஜிஎஸ்டி கணக்கு என்று அவசரமானதை முதலில் இறக்குங்க. மீதி இரவில் இறங்கட்டும். வேலை தொடங்க எல்லா ஃபைலும் வர வேண்டும் என்று அவசியம் இல்லை.

யாரும் செய்யாத ஒரு வேலை: ரீஸ்டோர் டெஸ்ட்

பேக்கப் எடுத்தாச்சு, பச்சை டிக் வருது, எல்லாம் சரி. ஆனால் அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

பல பேக்கப்கள் தோற்பது இங்கேதான். தவறான ஃபோல்டர் இணைந்திருக்கும். 15 ஜிபி நிறைந்து ஆறு மாதம் முன்பே அப்லோடு நின்றிருக்கும். ஹார்ட் டிஸ்க் பீரோவிலேயே கிடந்து பழுதாகியிருக்கும். ஃபைல் இருக்கும், ஆனால் திறக்காது. எப்போது தெரிய வரும்? தேவைப்படுகிற அன்று.

இன்னொன்று, இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம். இந்த நடைமுறை 2023 டிசம்பர் முதல் இருக்கு. ‘பழைய போட்டோக்கு மட்டும்’ என்று தனி ஜிமெயில் தொடங்கி மறந்துவிட்டவர்கள் உடனே ஒருமுறை உள்ளே போய் வாங்க.

டெஸ்ட் செய்வது ஐந்து நிமிட வேலைதான். கிளவுடிலிருந்து ஒரு ஃபைல், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபைல். வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்க. டேலி என்றால் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, கடைசி பில் வருதா என்று பாருங்க. கடையில் ஓடுகிற கணக்கின் மேல் ரீஸ்டோர் செய்யாமல், இதையும் வேறு கம்ப்யூட்டரில் செய்யணும்.

தேதி மறந்துபோகும் என்கிறவர்களுக்குத் திருவண்ணாமலையில் ஒரு சுலபமான வழி இருக்கு. மாதம் தவறாமல் பௌர்ணமி வருது, கிரிவலக் கூட்டம் வருது, கடைக்காரர்கள் யாருக்கும் அந்த நாள் மறக்காது. பௌர்ணமிக்கு முந்தைய நாளை ரீஸ்டோர் டெஸ்ட் நாளாக வைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள் கரண்ட் பில் கட்டுகிற நாளை வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• சிங்க் செய்வது மட்டுமே பேக்கப் ஆகாது. தேதி போட்ட பழைய நகல் தனியாக இருக்கணும்.

• மூன்று நகல்: கம்ப்யூட்டர், கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க், கிளவுட்.

• சிஸ்டம் இமேஜ் டிஸ்க்கில், முக்கிய ஃபைல்கள் கிளவுடில்.

• ரெகவரி கீ, பேக்கப் கோடு, லைசென்ஸ் விவரம் தாளில்.

• மாதம் ஒருமுறை ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்க்கணும்.

இதையெல்லாம் இன்றே செய்து முடிக்க வேண்டும் என்று இல்லை. இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்க. போனில் உங்கள் டிரைவைத் திறந்து, இடம் எவ்வளவு மீதி இருக்கு, கடைசியாக எந்தத் தேதியில் ஃபைல் ஏறியிருக்கு என்று பாருங்க. அந்தத் தேதி போன வருடத்தைக் காட்டினால், உங்கள் கம்ப்யூட்டருக்கு இப்போது பேக்கப் இல்லை என்று அர்த்தம்.